இடிக்கும் முன் கேட்க வேண்டியவை: கட்டடம், நிலம், கலை, நகரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட வேலையிலும், பொது இடங்களில் கலைஞர்களோடு சேர்ந்து செய்யும் வேலையிலும் பல வருடங்களாக இருக்கிறேன். எங்கே பேசப் போனாலும், கூட்டம் கலைந்த பிறகு ஓரமாக வந்து கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் 2-வது கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், மற்ற பதில்களில் பாதி அதன்மேல்தான் நிற்கிறது.

1. பசுமைக் கட்டடம்னா மாடியில செடி, சோலார் தகடு, அவ்வளவுதானே?

அவை இருந்தால் நல்லதுதான். ஆனால் ஒரு கட்டடத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. குடிவந்த பிறகு விளக்கு, மின்விசிறி, ஏசி, ஹீட்டர் என்று வருடா வருடம் இழுக்கும் ஆற்றல் ஒரு கணக்கு. செங்கல் சுட, சிமென்ட் தயாரிக்க, கம்பி உருக்க, அத்தனையையும் லாரியில் ஏற்றிவர, யாரும் குடிவருவதற்கு முன்பே செலவாகிவிட்ட ஆற்றல் இன்னொரு கணக்கு. இந்த இரண்டாவது செலவில் வெளியான கரியமில வாயுவைத்தான் கட்டடத்துக்குள் அடங்கிய கார்பன் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால், எரிபொருளாலும் ஆலைகளாலும் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டடங்களின் கணக்கில்தான் வருகிறது.

சோலார் தகடு முதல் கணக்கைக் குறைக்கும், இரண்டாவதைத் தொடாது. முதல் கணக்கிலும்கூட, சுற்றிலும் கண்ணாடி வைத்துக் கட்டிவிட்டு உள்ளே சேரும் சூட்டை வெளியேற்ற சோலார் மின்சாரம் தேடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஜன்னல் எந்தத் திசையில், சுவர் எவ்வளவு கனம், நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவாக வேண்டியவை.

2. பழசை இடிச்சுட்டு, கரண்ட் குறைவா இழுக்கற புதுசைக் கட்டினா லாபம்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் லாபம் போலத்தான் தெரியும். ஆனால் பழைய கட்டடத்தின் இரண்டாவது கணக்கு ஏற்கெனவே தீர்க்கப்பட்ட கடன். இடித்தால் அந்தச் செலவு மண்ணோடு போகிறது, புதிதாக இன்னொரு கடனும் ஏறுகிறது. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2011-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. சிக்கனமாக ஆற்றல் செலவழிக்கும் புதுக் கட்டடம், தன்னைக் கட்டியதால் நேர்ந்த பாதிப்பை அந்தச் சிக்கனத்தாலேயே ஈடுகட்ட 10 முதல் 80 ஆண்டு வரை ஆகும் என்பது முடிவு. வெப்பமாதலைக் கட்டுப்படுத்த நமக்கு இருப்பதோ அடுத்த சில பத்தாண்டுகள்.

பிரான்ஸின் போர்தோ நகரில் கிராண்ட் பார்க் என்ற குடியிருப்பில் 1960-களில் கட்டிய மூன்று பெரிய அடுக்குமாடிக் கட்டடங்கள் இருந்தன. மொத்தம் 530 வீடுகள், சின்னச் சின்ன ஜன்னல்கள், வெளியே வந்து நிற்க இடம் கிடையாது. ஆன் லகாத்தோன், ழான்-பிலிப் வசால் என்ற கட்டடக்கலைஞர்கள் வேறு இருவரோடு சேர்ந்து இதை எடுத்துக்கொண்டபோது ஒரு வீட்டையும் இடிக்கவில்லை. முன்பக்கச் சுவரில் இருந்த ஜன்னல்களைப் பெரிய நகர்த்துக் கதவுகளாக்கி, அவற்றுக்கு வெளியே ஏறக்குறைய 4 மீட்டர் ஆழமுள்ள கண்ணாடித் தாழ்வாரங்களை ஒட்டவைத்தார்கள். குளிர்காலத்தில் அந்தத் தாழ்வாரம் வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போர்வையாகிறது. வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை.

அந்த இருவருக்கும் 2021-ல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. இருப்பதை இடிக்காமல் அதோடு சேர்த்துக் கட்டுவதையே வாழ்நாள் கொள்கையாக வைத்திருப்பவர்களுக்குக் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருது போனதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

3. பழைய கட்டடம் விழற நிலையில இருந்தா?

முதலில் அதைச் சொன்னது யார் என்று கேளுங்கள். இடித்துக் கட்டினால் பணம் பார்ப்பவர் சொன்னதா, அல்லது அதில் எந்த ஆதாயமும் இல்லாத கட்டமைப்புப் பொறியாளர் சோதித்துச் சொன்னதா? விரிசல் எல்லாம் ஆபத்தான விரிசல் ஆகாது. விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவைத்துச் சில மாதம் பார்ப்பது பழைய முறை. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

உண்மையிலேயே காப்பாற்ற முடியாது என்றால், இயந்திரம் விட்டு நொறுக்காமல் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரென்றால் செங்கல் முழுசாகக் கைக்கு வரும். கொத்தனார் கரண்டியின் விளிம்பால் இரண்டு தட்டு தட்டினால் ஒட்டியிருக்கும் காரை உதிர்ந்துவிடும். சிமென்ட் கலவையில் கட்டியது அப்படி வராது, கலவை விடுவதற்கு முன் செங்கல் உடைந்துவிடும். இன்று கட்டுகிறவர்கள் நூறு ஆண்டு கழித்துப் பிரிக்கப் போகிறவரையும் மனதில் வைத்துக் கட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

4. மண் சுவர் மழையில கரைஞ்சுடாதா?

நனையவிட்டால் கரையும். தலையும் காலும் நனையாமல் பார்த்துக்கொண்டால் தலைமுறைகள் நிற்கும். தலை என்றால் வெளியே நன்றாக நீண்ட கூரை. கால் என்றால் தரையிலிருந்து தெறிக்கும் தண்ணீர் தொடாத உயரத்துக்குக் கல்லிலோ சுட்ட செங்கல்லிலோ எழுப்பிய அடித்தளம். ஏமனில் ஷிபாம் நகரின் மண் கட்டடங்களில் பல 16-ம் நூற்றாண்டு காலத்தவை, ஏழு மாடி வரை உயர்ந்தவை. மாலி நாட்டின் ஜென்னே பெரிய மசூதி 1907-ல் இன்றைய வடிவத்தில் எழுந்தது. அதன் சுவர்களிலிருந்து பனைமரக் கட்டைகள் வரிசையாகத் துருத்திக்கொண்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பார்க்க அலங்காரம், ஆனால் அதுதான் ஏறி நின்று வேலை செய்ய அந்தக் கட்டடத்திலேயே அமைத்த நிரந்தரச் சாரம். ஆண்டுதோறும் ஊரே கூடி அந்தக் கட்டைகளில் ஏறி நின்று புது மண் பூசுகிறது. பராமரிப்பையே திருவிழாவாக்கிவிட்டார்கள்.

மண் சுவருக்கு உண்மையான எதிரி பல நேரங்களில் மழை இல்லை, அதைக் காப்பாற்றுவதாக நினைத்து மேலே பூசும் சிமென்ட். தொடக்க காலத்தில் நானே அந்தத் தவறைச் செய்தேன். மண் சுவர் ஒன்றுக்கு வழவழப்பாக சிமென்ட் பூசிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு மழைக்காலம் கழித்துப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தால் உள்ளே பொக்கென்று சத்தம். பூச்சைப் பெயர்த்ததும் பின்னால் இருந்த மண் கையோடு ஈரமாக வந்தது. மண் சுவர் மூச்சுவிடும். உள்ளே போன ஓதம் வெளியேற வழி வேண்டும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. சுண்ணாம்போ மண்ணோ பூசியிருந்தால் அந்தச் சுவர் தப்பியிருக்கும்.

5. அப்போ சிமென்ட்டே வேண்டாம்னு சொல்றீங்களா?

இல்லை. பாலம், ஆழமான அஸ்திவாரம், நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டிய சட்டகம் என்று அது தேவைப்படும் இடங்கள் உண்டு. தேவைப்படாத இடத்திலும் பழக்கத்தால் கொட்டுவதுதான் பிரச்சினை. உலகின் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது. சூளை எரிபொருளை மாற்றினால் மட்டும் இது தீராது, ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளேயே இருக்கும் வாயு. சூளையில் சுடும்போது கல் அதை வெளியே விட்டுவிடுகிறது.

வழிகள் இரண்டு. ஒன்று, சிமென்ட்டையே மாற்றுவது. சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்த எல்சி3 என்ற கலவை, வழக்கமான சிமென்ட்டை விட 40 சதவீதம் வரை குறைவான வாயுவை வெளியிடுகிறது. இன்னொன்று, பொருளைக் குறைத்துக் கட்டும் கைத்திறன். கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவார்கள். நடுவில் பொள்ளல் விழும். செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகிறது, அந்தப் பொள்ளலில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கிறது. ரேட் ட்ராப் பாண்ட் என்றால் கொத்தனார்களுக்குச் சட்டென்று புரியும்.

6. மரத்துல கட்டுங்கறாங்க, மரம் வெட்டாதேங்கறாங்க. எது சரி?

மரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இரண்டும் சரி. வெட்டிய இடத்தில் மறுபடி வளர்க்கும் காட்டிலிருந்து வந்தால், மரம் இழுத்து வைத்த கார்பன் கட்டடம் நிற்கும்வரை அதற்குள்ளேயே இருக்கும். நார்வேயில் 2019-ல் முடிந்த மியோஸ்டோர்னெட் என்ற மரக் கட்டடம் 85 மீட்டர் உயரம், ஆகவே உறுதியைப் பற்றிய சந்தேகம் வேண்டாம். பழைய இயற்கைக் காட்டை அழித்துக் கொண்டுவந்த மரம் என்றால் எந்தக் கணக்கும் உதவாது. மரமே வளராத வறண்ட ஊருக்குக் கப்பலில் வரவழைப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

7. ஊருக்கு வெளியே சும்மா கிடக்கற நிலத்துல கட்டினா யாருக்கு நஷ்டம்?

சும்மா கிடக்கும் நிலம் என்று ஒன்று அபூர்வம். தரிசு என்று பதிவேட்டில் எழுதியிருக்கும் இடம் மழை நேரத்தில் தண்ணீரைக் குடித்து நிலத்தடிக்கு அனுப்பும். சதுப்பு நிலம் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த வேலையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அடுத்த பெருமழையில்தான் தெரியும். அப்புறம், ஊர் அகல அகலச் சாலை, குழாய், மின்கம்பி எல்லாம் நீள்கின்றன. அங்கே குடிபோனவர் பால் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. சோலார் மாட்டிய வீட்டிலிருந்து தினமும் 40 கிலோமீட்டர் காரில் போய்வந்தால் 1-வது கேள்வியில் சொன்ன மிச்சமெல்லாம் எரிபொருள் டேங்கில் போய்விடும்.

இதற்காக எல்லோரும் வானளாவிய கட்டடங்களில் அடைந்து வாழ வேண்டும் என்று பொருளில்லை. பாரிஸ் நகரின் பெரும்பகுதி ஆறேழு மாடிக் கட்டடங்கள்தான். அங்கே ஒரு சதுர கிலோமீட்டரில் ஏறக்குறைய 20,000 பேர் வாழ்கிறார்கள். ஊருக்குள்ளேயே மூடிக் கிடக்கும் கிடங்குகள், பயன்படாத ரயில் நிலங்கள், மேல் மாடிகள் காலியாக இருக்கும் கடைத்தெருக்கள் இருக்கும். முதலில் அவற்றை எண்ணிப் பாருங்கள்.

8. இதுல கலைக்கு என்ன வேலை? கட்டி முடிச்ச பிறகு அழகு பண்றதுதானே?

கலைக்கு முக்கியமான வேலை கட்டுவதற்கு முன்பே இருக்கிறது. நியூயார்க்கின் மேற்குப் பக்கத்தில் ஹை லைன் என்ற உயர்மட்ட ரயில் பாதையில் 1980-ல் கடைசி ரயில் ஓடியது. அதன்பின் இருபது வருடம் அது துருப்பிடித்த இரும்பு, அவ்வளவுதான். நில உரிமையாளர்கள் இடிக்கச் சொல்லி நெருக்கினார்கள். கீழே தெருவில் நடப்பவர்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்ட் என்ற புகைப்படக் கலைஞர் 2000-ல் மேலே ஏறி, ஓராண்டு பருவம் பருவமாகப் படமெடுத்தார். தண்டவாளங்களுக்கு நடுவே தானாக முளைத்த புல், காட்டுப் பூக்கள், பனி. அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் நகரத்துக்கு அது ஒரு இடமாகத் தெரிந்தது. 2009-ல் பூங்காவாகத் திறந்தபோது, தானாக முளைத்திருந்த அந்தச் செடிகளை முன்மாதிரியாக வைத்தே தோட்டம் போட்டிருந்தார்கள். இந்தப் பூங்காவுக்கு இன்னொரு முகமும் உண்டு, 13-வது கேள்வியில் வருகிறேன்.

அதே நகரில் 1982-ல் ஆக்னஸ் டெனெஸ் என்ற கலைஞர், உலக வர்த்தக மையத்துக்குத் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய மனையில் 2 ஏக்கர் கோதுமை விதைத்தார். கற்களை அகற்றி, 285 சால் கையால் பிரித்து விதை போட்டு, ஆகஸ்டில் அறுவடை செய்தார். உலகின் மிக விலையுயர்ந்த நிலங்களில் ஒன்றில், வானளாவிய கட்டடங்களின் அடியில் கதிர் முற்றி நின்ற காட்சி, நிலம் எதற்கு என்று கேட்டது. எத்தனை கருத்தரங்கு நடத்தியும் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டுவிட முடியாது.

எனக்கு மிக நெருக்கமானது ஜெர்மனியின் காசல் நகரில் யோசப் பாய்ஸ் என்ற கலைஞர் செய்தது. 1982-ல் அருங்காட்சியகத்தின் முன்னால் 7,000 கருங்கல் தூண்களைக் குவித்துவிட்டார். ஒரு மரம் நட்டால் ஒரு கல் அங்கிருந்து நகர்ந்து மரத்தின் பக்கத்தில் நிற்கும். கல் குவியல் கண்ணை உறுத்துகிறதா, மரம் நடுங்கள். ஐந்து ஆண்டில் குவியல் கரைந்தது. 1986-ல் பாய்ஸ் இறந்துவிட, கடைசி மரத்தை 1987-ல் அவர் மகன் நட்டார். நட்ட நாளில் கன்று கல்லுக்குப் பக்கத்தில் குச்சி மாதிரி இருந்திருக்கும். இன்று அதே கல் மரத்தின் காலடியில் குழந்தை மாதிரி நிற்கிறது. கல் வளரவில்லை, மரம் வளர்ந்தது. ஒரு நகரத்துக்குக் காலத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

9. சுவத்துக்கு வண்ணம் அடிச்சா ஊர் மாறிடுமா?

தனியாக மாறாது. அல்பேனியாவின் தலைநகரான டிரானாவில் 2000-ல் மேயரான எடி ராமா அடிப்படையில் ஓவியர். சாம்பல் நிறத்தில் சோர்ந்து நின்ற அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று பூசவைத்தார். ஊர் முழுக்க அதே பேச்சு. பிடித்தது, பிடிக்கவில்லை என்று வாதிட்டார்கள். தன் தெருவைப் பற்றி வாதிடுகிறவர் அதைத் தன்னுடையதாக நினைக்கத் தொடங்கிவிட்டார், வண்ணத்தின் பலன் அதுதான். கூடவே லானா ஆற்றங்கரையை அடைத்துக்கொண்டிருந்த அனுமதியில்லாத கட்டடங்கள் அகற்றப்பட்டு ஆறு கண்ணுக்குத் தெரிந்தது.

கொலம்பியாவின் மெடலின் நகரில் கொமுனா 13 என்ற மலைச்சரிவுக் குடியிருப்பும் அதன் சுவரோவியங்களால் பிரபலம். படங்களில் தெரிவது ஓவியம். ஆனால் அங்கே 2011-ல் போட்ட 384 மீட்டர் மின்படிக்கட்டு, அதற்கு முன் பல மாடி உயரம் படியேறி வீடு போய்ச் சேர்ந்தவர்களின் முழங்காலைக் காப்பாற்றியது. நகரின் மற்ற மலைக் குடியிருப்புகளுக்கு 2004 முதலே கேபிள் கார் போகிறது. குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்கு வெளியே ஓவியம் மட்டும் வரையக் கூப்பிட்டால், நான் போவதில்லை.

10. மூடின ஆலை, மண்ணே விஷம். அங்க என்ன பண்ண முடியும்?

நிறையச் செய்யலாம், ஆனால் அவசரப்படக் கூடாது. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1985-ல் மூடிய இரும்பு ஆலையை பீட்டர் லாட்ஸ் பூங்காவாக மாற்றினார், 1994-ல் திறந்தது. ஊது உலைகள் அப்படியே நிற்கின்றன, அவற்றின் மேல் ஏறி ஊரைப் பார்க்கலாம். தாதுக் கிடங்குகளின் கான்கிரீட் சுவர்களுக்குள் தோட்டங்கள். எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஆழ்நீச்சல் பழகுகிறார்கள். உருகிய இரும்பு ஊற்றும் குழிகளில் கிடந்த 49 இரும்புத் தகடுகளை எடுத்து ஒரு சதுக்கத்தின் தரையாகப் பரப்பியிருக்கிறார்கள். இரும்பு ஓடி ஓடி அரித்த தடம் அவற்றின் முகத்தில் தெரியும். மிக மோசமாகக் கெட்ட மண்ணைப் பழைய கிடங்குகளுக்குள் அடைத்து மூடினார்கள். எல்லாவற்றையும் வேறெங்கோ லாரியில் அனுப்பிவிட்டால் விஷம் இன்னொரு ஊருக்குப் போகும், அவ்வளவே.

செடிகளால் மண்ணைச் சுத்தம் செய்ய முடியுமா என்றும் உடனே கேட்பார்கள். மெல் சின் என்ற கலைஞர் 1991-ல் ரூஃபஸ் செய்னி என்ற மண்ணியல் அறிஞரோடு சேர்ந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு குப்பைக் கிடங்கின் மேல் இதைச் செய்து பார்த்தார். சில செடிகள் காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்களைத் தண்டிலும் இலையிலும் சேர்த்துவைக்கும். அறுத்து எடுத்தால் உலோகமும் வெளியே வரும். அறிவியலுக்குக் களம் தேவைப்பட்டது, கலை அந்தக் களத்தைக் கொடுத்தது. ஆனால் இது மெதுவான வழி, எல்லா விஷத்துக்கும் செடி கிடையாது. மண்ணைச் சோதிக்காமல் காய்கறித் தோட்டம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

11. பில்பாவோ மாதிரி ஒரு பெரிய மியூசியம் வெச்சா போதுமாமே?

ஸ்பெயினின் பில்பாவோவில் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த, டைட்டானியம் தகடு போர்த்திய குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997-ல் திறந்தது உண்மை, அதைப் பார்க்கக் கூட்டம் குவிந்ததும் உண்மை. அதற்கு முன்பே அந்த ஊர் சாக்கடையாகிப் போன ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தது, 1995-ல் மெட்ரோ ரயில் விட்டிருந்தது, துறைமுகத்தைக் கடலை நோக்கி நகர்த்திக்கொண்டிருந்தது. மற்ற ஊர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு டைட்டானியம் தகட்டை மட்டும் நகலெடுக்கப் பார்க்கின்றன.

12. ஆற்றை மூடின ரோட்டை எடுத்துட்டு ஆற்றை மீட்கலாமா? சியோல்ல பண்ணினது வெறும் பம்ப் தண்ணிதான்னு சொல்றாங்களே?

சியோலின் சொங்யேசொன் ஓடை பற்றிய கேள்வி இது. அதை மூடியிருந்த சாலையையும் அதன்மேல் போன மேம்பாலத்தையும் 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்தார்கள். பம்ப் தண்ணீர் என்பது சரிதான். பெரும்பாலான நாட்களில் ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடுகிறார்கள், அதற்கு மின்சாரம் ஆகிறது. பழைய ஓடை திரும்பிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேம்பாலத்தின் அடியில் கடை போட்டிருந்தவர்கள் இடம் இழந்ததையும் மறக்கக் கூடாது.

ஆனாலும் நான் இதை ஆதரிக்கிறேன். பக்கத்துச் சாலைகளை விட ஓடையோரம் கோடையில் சில டிகிரி குளிர்ச்சி. பெருவெள்ளம் வந்தால் போக வழி இருக்கிறது. நடுநகரில் அத்தனை பெரிய சாலையை எடுத்தால் போக்குவரத்து ஸ்தம்பிக்கும் என்று பயந்தார்கள், பேருந்து முறையைத் திருத்தியதால் அது நடக்கவில்லை. 2-வது கேள்வியில் இடிக்காதே என்றவர் இங்கே இடித்ததைப் புகழ்கிறாரே என்று கேட்கலாம். மேம்பாலம் ஏற்கெனவே பழுதடைந்து பெருஞ்செலவில் செப்பனிட வேண்டிய நிலையில் இருந்தது. அதன் அடியில் ஓர் ஓடை இருந்தது. எதைக் காப்பாற்றுகிறோம் என்று தெரிந்து இடிப்பது வேறு.

13. கலைஞர்கள் வந்தா வாடகை ஏறுது, இருந்தவங்க வெளியேற வேண்டியிருக்கு. அப்போ இதெல்லாம் யாருக்காக?

இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாத கேள்வி. 8-வது பதிலில் சொன்ன ஹை லைன் திறந்த பிறகு அதன் இருபுறமும் கோடீஸ்வரர்களுக்கான வீடுகள் எழுந்தன. பக்கத்திலேயே அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பூங்கா தங்களுடையதாகத் தோன்றவில்லை. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹேமண்ட், அக்கம்பக்கத்து மக்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் தோற்றுவிட்டோம் என்று 2017-ல் வெளிப்படையாகச் சொன்னார். இடம் அழகானால் மனை விலை ஏறும். அந்த ஏற்றம் யார் கைக்குப் போகும் என்பதை முதல் செங்கல்லுக்கு முன்பே எழுதிவைக்காவிட்டால், கலை நிலத் தரகருக்குத்தான் வேலை செய்யும்.

எழுதிவைத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1993-ல் ரிக் லோவும் இன்னும் சில கலைஞர்களும் பாழடைந்த 22 சின்ன வரிசை வீடுகளை எடுத்துச் செப்பனிட்டார்கள். சிலவற்றில் கலைக்கூடம், சிலவற்றில் குழந்தையோடு தனியாக இருந்து படிக்கும் இளம் தாய்மார்களுக்கு வீடு. பிறகு அதே பகுதியில் குறைந்த வாடகை வீடுகளைக் கட்டவும் இறங்கினார்கள்.

இங்கிலாந்தின் லிவர்பூலில் கிரான்பி என்ற நான்கு தெருக்கள். பல வருடங்களாக வீடுகளைக் காலி செய்து, இடிப்பதற்காகப் பலகை அடித்து வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த சில குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள், அந்தப் பலகைகளில் படம் வரைந்தார்கள், நடைபாதையில் தொட்டி வைத்துச் செடி வளர்த்தார்கள், தெருச் சந்தை நடத்தினார்கள். பிறகு சமூக நில அறக்கட்டளை ஒன்றை அமைத்தார்கள். அதாவது நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். வீட்டின் விலை சந்தையைப் பொறுத்து இல்லாமல் அந்தப் பகுதி மக்களின் வருமானத்தைப் பொறுத்து நிர்ணயிக்கப்படும். அசெம்பிள் என்ற இளம் வடிவமைப்பாளர் குழு அவர்களோடு சேர்ந்து வீடுகளைச் செப்பனிட்டது. இடிந்த வீடுகளின் கல்லையும் செங்கல்லையும் பொடித்து வார்த்து, அதே வீடுகளின் கணப்படுப்புகளுக்கு முகப்பு செய்தார்கள். அருகில் போய்ப் பார்த்தால் அந்தப் பளபளப்புக்குள் சிவப்புச் செங்கல் துணுக்கு தெரியும். 2015-ல் அந்தக் குழுவுக்குப் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு கிடைத்தது.

14. எங்க சுவர்ல ஒருத்தர் வரைஞ்சார். கட்டடத்துக்காரர் அழிக்கலாமா?

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. நியூயார்க்கில் 5பாயிண்ட்ஸ் என்ற கட்டடத்தின் ஓவியங்களை உரிமையாளர் 2013-ல் இரவோடு இரவாக வெள்ளையடித்துவிட்டார். கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். கலைஞரின் உரிமை பற்றிய 1990-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2018-ல் 21 கலைஞர்களுக்கு 67 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் ஊர் சட்டம் எதுவானாலும், வரைவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எத்தனை வருடம் இருக்கும், யார் பராமரிப்பார், அழிப்பதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு.

15. ஒண்ணுமே கட்டாம விடறதும் ஒரு திட்டமா?

ஆமாம். 2-வது பதிலில் வந்த லகாத்தோன், வசால் இருவரிடமும் 1996-ல் போர்தோ நகராட்சி ஒரு சின்னச் சதுக்கத்தை அழகாக்கச் சொன்னது. அவர்கள் பல நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார்கள், சுற்றிலும் வாழ்ந்தவர்களிடம் பேசினார்கள். மரங்கள், பெஞ்சுகள், பந்து விளையாட இடம், எல்லாம் இருந்தது. சரளையை மாற்றுங்கள், மரங்களைக் கவனியுங்கள், அடிக்கடி பெருக்குங்கள், இதுதான் எங்கள் வடிவமைப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் வலிக்கிற பக்கமும் உண்டு. பெர்லினில் 2008-ல் மூடிய டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் 300 ஹெக்டேர் வெளியை மக்கள் பூங்காவாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஓரங்களில் வீடு கட்ட நகரம் திட்டமிட்டபோது, 2014 பொது வாக்கெடுப்பில் கட்டக் கூடாது என்று தீர்ப்பானது. ஓடுதளத்தில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். அதே நகரில் வீடு கிடைக்காமல் அலைகிறவர்களும் இருக்கிறார்கள். என் வாக்கு திறந்தவெளிக்குத்தான். எடுத்துவிட்ட வெளி திரும்பக் கிடைக்காது, வீடு கட்ட வேறு இடம் தேட முடியும். ஆனால் அந்த வேறு இடத்தைத் தேடும் பொறுப்பையும் அப்படி வாக்களித்தவர்கள் ஏற்க வேண்டும்.

16. நான் இன்ஜினியரும் இல்ல, ஓவியரும் இல்ல. எங்க தெருவுல ஒரு கட்டடம் இடிபடப் போகுது. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

காலையில், மதியம், இருட்டிய பிறகு என்று மூன்று வேளையும் போய் நில்லுங்கள். யார் அந்த நிழலில் உட்காருகிறார்கள், யார் அந்தச் சுவரோரம் கடை போடுகிறார்கள் என்று எழுதுங்கள். படமெடுங்கள், அல்லது பென்சிலில் வரையுங்கள். வரையத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, அதிக நேரம் பார்க்க வேண்டிவரும். பிறகு 3-வது பதிலில் சொன்ன பொறியாளர் அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாற்று யோசனை வைத்திருந்தால் முதலில் தற்காலிகமாகச் செய்து காட்டுங்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009-ல் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியபோது நிரந்தர பெஞ்சுகள் தயாராகவில்லை. மடக்கு நாற்காலிகளை வாங்கிவந்து சாலை நடுவில் போட்டார்கள். மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கல் பாவி நிரந்தரமாக்கும் வேலை அதன்பிறகுதான் தொடங்கியது. உங்கள் தெருவிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தக் கட்டடத்தின் கதவைத் திறக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். உள்ளே வெளிச்சம் எப்படி விழுகிறது என்று அக்கம்பக்கத்தவர் வந்து பார்க்கட்டும்.